சாந்தாக்கா கண்டுபிடித்த முன்துண்டு

அந்த அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் கம்பெனியில் தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மா. எதிரில் சாந்தாமணி அக்கா. நடுவில் நான். மேசைமேல் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் இரண்டு தண்ணீர் பாட்டில்களும் இருந்தன.

ஆடிட்டர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. சாந்தாக்காவுக்கு இங்கிலீஷ் பேச வராது. இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் கேட்பதை இந்தப் பக்கமும் சொல்வது என் வேலை.

"வேலை செய்யும்போது தினமும் மாஸ்க் தருகிறார்களா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, கேளுங்கள்" என்றார் ஆடிட்டர் அம்மா.

கேட்டேன். சாந்தாக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அவள் என்ன சொன்னாள், அதை நான் என்னவாக்கிச் சொன்னேன் என்பதைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்ததன் கேவலம் உங்களுக்குப் பிடிபடாது.

அம்பு ஸ்டிக்கர்

கொரோனாவுக்கெல்லாம் பல வருடம் முந்தி. பல்லடம் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரண்டு பேரும் செக்கிங் டேபிளில் நின்றோம். நான் குன்னத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருவேன். அவள் குண்டடத்திலிருந்து. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் பத்தாவது பாஸ், அவள் பத்தாவது ஃபெயில். ஃபெயில் ஆனதே இங்கிலீஷில்தான்.

செக்கிங் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தைத்து வந்த பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் கால் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையாது.

பனியனை வாங்குகிற பையர் ஆபீஸிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு காகிதம் வரும். என்னென்ன குறை என்று இங்கிலீஷில் எழுதி டேபிளுக்கு மேலே ஒட்டிவிடுவார்கள். எங்களுக்கு அது வெறும் கோடும் சுழியும்தான். சூப்பர்வைசர் வந்து கத்தினால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஒருநாள் டீ நேரத்தில் சாந்தாக்கா அந்தக் காகிதத்துக்கு முன்னால் நின்று பனியனைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ அம்மிணி, இங்க வா. ரீ-செக், ரீ-வொர்க், ரீ-பேக். மூணுலயும் முன்னால ரீ இருக்குது பாரு. மூணையும் நாம ரெண்டாந்தடவ பண்றோம். அப்ப ரீன்னா மறுபடியும்னுதான அர்த்தம்?"

எனக்கு டீ ஆறிக்கொண்டிருந்த கவலை. "இருக்கும்ங்க்கா" என்றேன்.

"இருக்கும் இல்ல, இருக்குது. பனியன்ல முன்துண்டு, பின்துண்டுன்னு வெட்டித் தெக்கறாங்கல்ல, இங்கிலீஷ்காரனும் அப்பிடித்தான் தெச்சு வெச்சிருக்கறான். முன்துண்டு தெரிஞ்சா பாதி தெரிஞ்ச மாதிரி."

சொல்லிவிட்டு ஒரு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, ரீக்கும் செக்குக்கும் நடுவில் ஒட்டினாள். சூப்பர்வைசர் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அர்ச்சனை நடந்திருக்கும்.

பள்ளிக்கூடத்து மிஸ்

அன்றிலிருந்து எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கட்டிங்கிலிருந்து விழுகிற வெட்டுத்துணியை எடுத்து, மார்க் பண்ணுகிற பென்சிலால் ஒவ்வொரு சொல்லாக எழுதுவோம். ஒரு டீ நேரத்துக்கு ஒரு முன்துண்டு என்று கணக்கு.

'அன்' வந்தாலும் 'டிஸ்' வந்தாலும் இல்லை என்று அர்த்தம். நூல் வெட்டாமல் விட்டால் அன்கட். மட்டமாக இல்லாவிட்டால் அன்ஈவன். 'ப்ரீ' வந்தால் முன்கூட்டியே. 'ஓவர்' வந்தால் மிஞ்சியது, 'அண்டர்' வந்தால் குறைந்தது. ஓவர்சைஸ், அண்டர்சைஸ் இரண்டையும் அக்கா என்னையும் தன்னையும் காட்டித்தான் மனப்பாடம் பண்ணினாள். நான்தான் ஓவர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

'மிஸ்' வந்தால் தப்பு. மிஸ்பிரிண்ட், மிஸ்மேட்ச். "அப்ப என்னைய ஃபெயில் போட்டாளே இங்கிலீஷ் மிஸ்ஸு, அந்தப் பேரு வெச்சவனுக்குக் கோயில் கட்டோணும்" என்று சிரித்தாள். பல வருடமாக அந்த டீச்சர்மேல் வைத்திருந்த கோபத்தையெல்லாம் அன்றைக்குச் சிரித்தே தீர்த்தாள் என்று நினைக்கிறேன்.

எல்லாச் சொல்லும் எங்கள் கத்தரிக்கு அடங்கவில்லை. துணியை வெட்டுவதற்கு முந்தி ரோலைப் பிரித்து ஒருநாள் ஆறப்போடுவார்கள். அதற்குக் கம்பெனியில் ரிலாக்ஸ் பண்ணுவது என்று பேர். ரீ என்றால் மறுபடி, அப்படியானால் லாக்ஸ் என்றால் என்ன? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அக்கா, "துணிக்கே ஒருநாள் லீவு குடுக்கறாங்க, நமக்குக் குடுக்கறாங்களா பாரு" என்று சொல்லி அதை விட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தார். டிக்ஷனரி முழுவதையும் மனப்பாடம் செய்தால் இங்கிலீஷ் வருமா என்று கேட்டிருந்தார். வராதுங்க, தாயே. இருபது முன்துண்டுகளை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளுங்கள், தெரியாத சொல்லைக் கண்டாலும் இது இல்லை என்கிறதா, மறுபடி என்கிறதா என்றாவது ஊகிக்கலாம். சில சொல் ஏமாற்றும், ஏமாந்தால் சிரித்துவிட்டு மேலே போங்கள். நான் கண்ட வழி இதுதான்.

பாருங்கள், இப்போதும் கை தானாக 'நான் கண்ட வழி' என்றே எழுதுகிறது. அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

நான் மேலே போனேன்

ஒருநாள் மேனேஜர் செக்கிங் பக்கம் வந்தார். நல்ல மனுஷர், யாரையும் ஒருமையில் பேசமாட்டார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "இதைப் படிச்சு மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி இங்க யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கேட்டார்.

சாந்தாக்கா என் முதுகில் இடித்தாள். நீ சொல் என்று இடித்தாளா, நாம் இரண்டு பேரும் என்று சொல்லச் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஒரு அடி முன்னால் வந்து, "எனக்குத் தெரியுங்க சார்" என்றேன். ரீ, அன், டிஸ் என்று கடகடவென்று ஒப்பித்தேன்.

"பரவாயில்லையே, யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"நானாத்தான் சார் படிச்சேன்."

பக்கத்தில் நின்றவள் அடுத்த பனியனை எடுத்து விரித்தாள். அடுத்த மாதம் எனக்கு ஆபீஸில் நாற்காலி கிடைத்தது. ஆடிட் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற பிரிவு. ஏசிக் காற்று, கால் வீங்காத வேலை. முதல்நாள் சாந்தாக்காதான் வீட்டிலிருந்து கச்சாயப் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள்.

கறை எடுக்கிற மூலையில் இருந்த ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டபோது, யாரைப் போடலாம் என்று மேனேஜர் என்னிடம் கேட்டார். சாந்தாக்காவின் கை சுத்தம், துணியில் வளையம் விழாமல் கறை எடுப்பாள் என்றேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை அல்லவா?

அந்த மூலையில் ஜன்னல் கிடையாது. துப்பாக்கி மாதிரி ஒரு கன் இருக்கும். அதில் மருந்தை ஊற்றிக் கறைமேல் அடிக்க வேண்டும். அடித்தால் எண்ணெய்க் கறை பறந்துபோகும். கூடவே அந்த நெடி மண்டைக்குள் ஏறும். பத்து நிமிடம் பக்கத்தில் நின்றாலே எனக்குக் கண் எரியும், அவள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். கேன்டீனில் என்னைப் பிடித்தாள்.

"அம்மிணி, கம்பர்ட் ஃபிட்னு லேபிள்ல வருதே, அது சௌகரியம்தான?"

"ஆமாங்க்கா."

"அப்ப முன்னால டிஸ் வந்தா அசௌகரியம். மருந்து கேன் மேல போட்டிருக்குது, நானே படிச்சுட்டேன். எனக்கு அதுதான் இருக்குது அம்மிணி. மூக்குக்குள்ள எந்நேரமும் எரிச்சல், ஊட்டுக்குப் போனா தலை சுத்துது. மாஸ்க் கேட்டா ஸ்டாக் இல்லைங்கறாங்க. நீ ஆபீஸ்ல சொல்லிப் பாரு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன், ஒரே ஒரு தடவை. "ஆடிட்டுக்கு வாங்குவோமுங்க, அப்பப் பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். அதோடு விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்கிற பயம். அந்த நாற்காலி அவ்வளவு பிடித்துப்போயிருந்தது எனக்கு.

ஆடிட் நாள்

திருப்பூரில் வேலை செய்தவர்களுக்கு ஆடிட் நாள் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் முந்தியே கக்கூஸில் பினாயில் மணக்கும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் வந்து உட்காரும். வருடம் பூராவும் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்த அவசர வழி திடீரென்று வழியாகிவிடும். ஆடிட்டர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் நடக்கும். அந்தப் பாடம் நடத்துகிற வேலை என்னுடையது.

வடக்கிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்தியில் சொல்ல ஒருவர், நம் ஆட்களுக்கு நான். "தினமும் மாஸ்க் குடுக்கறாங்க, போட்டுட்டுத்தான் வேலை செய்யறோம், எல்லாரும் சொல்லுங்க பாக்கலாம்" என்று சொல்லவைத்தேன். சாந்தாக்கா மூன்றாவது வரிசையில் நின்றாள். அவள் வாய் அசைந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

ஆடிட்டர், தொழிலாளர்களிடம் தனியாகத்தான் பேச வேண்டும், ஆபீஸ் ஆட்கள் கூடவே இருக்கக் கூடாது. அது விதி. மொழிபெயர்க்க அவர்களே ஒருவரைக் கூட்டி வருவார்கள். அன்றைக்குப் பார்த்து அவருக்குக் காய்ச்சல். "எங்க செக்கர் ஒருத்தருக்கே நல்லா இங்கிலீஷ் வருங்க மேடம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டு என்னிடம் ஓடிவந்தார். என் கழுத்தில் கிடந்த ஆபீஸ் அட்டையைக் கழற்றச் சொன்னார். யாருடைய ஏப்ரனையோ வாங்கி என்மேல் மாட்டினார்.

"பாத்துக்குங்க கலாமணி. இந்த ஆர்டர் போனா கம்பெனியே இல்லீங்க."

நான் அந்த ஏப்ரனோடு போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நடு நாற்காலி

முதலில் வந்த நான்கைந்து பேர் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்கள். பிறகு சாந்தாக்கா வந்தாள். ஏப்ரன் போட்டிருந்த என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாஸ்க் கேள்வி வந்ததும் சொன்னாள். "தெனமும் குடுக்கறதில்லீங்க. இன்னைக்குக் காலைலதான் குடுத்தாங்க. மூணு மாசமா மூக்கு எரியுதுங்க, தலை சுத்துதுங்க. மருந்து கேன் மேலயே எழுதியிருக்குதுங்க, படிச்சேன்."

ஆடிட்டர் அம்மா என் பக்கம் திரும்பினார், பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

மாஸ்க் தவறாமல் தருகிறார்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். "நோ டிஸ்கம்பர்ட்" என்றும் சொன்னேன். உலகத்தில் வேறு சொல்லே இல்லாத மாதிரி அதே சொல் வாயில் வந்தது. வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது இருக்கிறதே, அவளாகவே படித்துக்கொண்ட சொல்லாயிற்றே.

சாந்தாக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆடிட்டர் அம்மா எழுதிய காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, கீழே கையெழுத்துக் கேட்டார். அப்படிக் கையெழுத்து வாங்குவது அவர் வழக்கம்.

அக்கா பேனாவைக் கையில் எடுத்தாள். காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். என்ன தாமதம் என்று ஆடிட்டர் அம்மா கேட்டதற்கு, இவருக்குப் படிக்கத் தெரியாது மேடம் என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

கம்பெனி பாஸ் ஆனது. மேனேஜர் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார். மாஸ்க்குகள் திரும்பப் பெட்டிக்குள் போயின. அதற்குப் பிறகும் சாந்தாக்கா கேன்டீனில் என்னோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டாள், ஊட்டு நாயம், ஊர்க்கதை எல்லாம் பேசினாள். ஆனால் ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கும் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. அந்தத் தீபாவளிக்குப் போனவள் வேலைக்குத் திரும்பி வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. போன் நம்பர் இருந்தது, போட்டதில்லை.

குண்டடம்

கம்பெனி வேலையை விட்டுச் சில வருடம் ஆகிறது. இப்போது சாயங்காலங்களில் பனியன் கம்பெனிப் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பாடம் என்ன? அதே முன்துண்டுதான். 'டிஸ்' பாடம் வரும் நாளில் மட்டும் ஒரு சொல்லைப் போர்டில் எழுதமாட்டேன்.

இரண்டு மாதம் முந்தி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். "மேடம், இப்படித் துண்டு துண்டா வெட்டிப் படிக்கதுக்கு ஒங்களுக்கு யாரு சொல்லித்தந்தா?"

"நானே கண்டுபிடிச்சதுங்க" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. எத்தனை வயதானாலும் புத்தி அதே இடத்தில்தான் நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குண்டடம் பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் சாந்தாக்கா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அட, வா அம்மிணி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? இன்னும் ஓவர்சைஸாத்தான் இருக்கற!" என்றாள். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, டீக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மகன் கல்யாணம், மழை இல்லாதது, மாட்டுக்குத் தீவனம் விற்கிற விலை என்று பேசிக்கொண்டே இருந்தாள். என் மன்னிப்பைச் சொல்ல இடைவெளி கிடைக்கவில்லை.

பால் தீய்கிற வாடை வந்தது. எழுந்து போவாள் என்று பார்த்தேன். வாடை முற்றிக் கூடமெல்லாம் புகைந்தது, அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, பால் தீயுதுங்க."

"ஐயையோ!" என்று ஓடினாள். கருகிய பாத்திரத்தை இடுக்கியில் பிடித்தபடி வந்தாள். "மூக்கு செத்துப்போச்சு அம்மிணி. மல்லிப்பூவும் ஒண்ணுதான், மாட்டுச்சாணியும் ஒண்ணுதான். பக்கத்துல யாராச்சும் சொன்னாத்தான் தெரியும்."

"கொரோனாவுலங்களா அக்கா?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவள் சொல்லிவிடவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

"இல்ல இல்ல, அதுக்கு மின்னாலயே போயிருச்சு. கோயமுத்தூர் டாக்டரு எதனாலன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாரு."

இதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றிச் சொன்னது, அந்த மூலைக்கு அவள் பேரைக் கொடுத்தது, எல்லாம். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியுமே. நோ டிஸ்கம்பர்ட்டுன்னு சொன்ன. என்ற காதுலதான உளுந்துச்சு."

"அப்பறம் எதுக்குங்க்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"அப்பிடி நான் சொல்லலீன்னு சொன்னா, பொய் சொன்னது நீன்னு ஆயிரும். உன்னைய அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க. நீயே மாத்திச் சொல்லுவீன்னுதான் பேனாவைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ சொல்லல. சரி, உன்ற பொழப்பு, போகட்டும்னு போட்டுட்டேன். அதுல எனக்குக் கோவம் இல்ல அம்மிணி."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தது கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கோணும்னு இருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்தம்மாகிட்டச் சொன்னியே, அது எதுக்கு? அதைச் சொல்லலீன்னா உன்ற வேலை போயிருக்குமா?"

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"போயிருக்காதுங்க்கா" என்றேன்.